வைரத்தில் எதற்குக் காசு கொடுக்கிறோம்?

வைர நகைக் கடையில் ஒரே மாதிரி செய்த இரண்டு ஏழு கல் தோடுகளை எடுத்துத் தட்டில் வைப்பார்கள். ஒன்றின் சீட்டில் ‘ஈஎஃப் விவிஎஸ்’ என்றும் மற்றதில் ‘ஜிஎச் எஸ்ஐ’ என்றும் இருக்கும். தங்கம் ஏறக்குறைய ஒரே எடை, கல்லும் ஒரே எடை. விலை மட்டும் பல ஆயிரம் ரூபாய் தள்ளி நிற்கும். காதில் வைத்துக் கண்ணாடியில் பார்த்தால் இரண்டுமே மின்னும். அந்தக் கூடுதல் பணம் எதற்குப் போகிறது, அது நமக்குத் தேவைதானா என்று தெரிந்துகொண்டு கடைக்குப் போவது நல்லது. இந்த அத்தியாயம் அதற்காகத்தான்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போட்டுக்கொள்வதற்காக வைரம் வாங்குகிறீர்கள் என்றால் வெட்டுக்குத் தாராளமாகக் கொடுங்கள். நிறத்துக்கு அளவாகக் கொடுங்கள். தெளிவுக்கு யோசித்துக் கொடுங்கள். எடையில் முழு எண்ணுக்கு ஆசைப்படாதீர்கள். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

இன்று உலகம் முழுக்கப் புழங்கும் தர எழுத்துகள், அமெரிக்காவின் ஜிஐஏ நிறுவனம் 1950-களில் வகுத்தவை. ராபர்ட் ஷிப்லி 1931-இல் தொடங்கிய அந்த நிறுவனத்தில், ரிச்சர்ட் லிடிகோட் தலைமையில் இந்த முறை உருவானது. அதற்கு முன்னால் ‘ரிவர்’, ‘வெசல்டன்’, ‘கேப்’ என்று பல பெயர்களில் விற்றார்கள். ஒரு வியாபாரி வெசல்டன் என்று விற்ற கல்லை இன்னொருவர் ஒரு படி கீழே வைப்பார், கேட்க நாதியில்லை. எழுத்துகள் வந்த பிறகுதான் கல்லைப் பார்க்காமலேயே விலை பேச முடிந்தது. 1978-இல் மார்ட்டின் ராப்பபோர்ட் நியூயார்க்கில் ஒரு விலைப்பட்டியல் வெளியிடத் தொடங்கினார். எடைப் பிரிவுக்கு ஒரு கட்டம். அதில் மேலிருந்து கீழே நிறம், இடமிருந்து வலம் தெளிவு. மும்பை பாந்த்ரா–குர்லாவில் உள்ள பாரத் டயமண்ட் போர்ஸிலும் சூரத்திலும் இன்றும் ‘ராப்பில் இத்தனை சதவீதம் கழிவு’ என்றுதான் பேரம் நடக்கிறது.

அந்தப் பட்டியலில் வாங்குகிறவர் கவனிக்க வேண்டியவை இரண்டு. முதலாவது, படிகள் ஒரே உயரத்தில் இல்லை. உச்சியில் டி நிறமும் மாசற்ற தெளிவும் சேர்ந்த கல் மிக அரிது என்பதால், அங்கே ஓர் எழுத்து இறங்கினாலே விலை சரிந்துவிடும். நடுப்பகுதியில், ஜி நிறத்திலிருந்து எச் நிறத்துக்கு, விஎஸ்2-விலிருந்து எஸ்ஐ1-க்கு இறங்கும்போது அந்தச் சரிவு கிடையாது. கல் பெரிதாகப் பெரிதாக இந்த இடைவெளிகளும் அகலும். இரண்டாவது, வெட்டுக்கு அந்தப் பட்டியலில் தனிக் கட்டமே இல்லை. அதைக் கழிவைக் கூட்டியும் குறைத்தும்தான் சரிக்கட்டுகிறார்கள். ஆனால் போட்டுக்கொள்கிறவருக்கும் எதிரே நிற்பவருக்கும் முதலில் கண்ணில் படுவது வெட்டுதான்.

எடை

ஒரு காரட் என்பது 200 மில்லிகிராம். அதில் நூற்றில் ஒரு பங்கு ஒரு சென்ட். வைரத்தின் விலை காரட்டுக்கு இவ்வளவு என்று பேசப்பட்டாலும், அந்த விலை எல்லா அளவுக்கும் ஒன்றல்ல. 30 சென்ட், 50, 70, 90, ஒரு காரட், ஒன்றரை, இரண்டு என்று சில கோடுகள் இருக்கின்றன. கோட்டைத் தாண்டியதும் காரட் விலையே மாறிவிடும்.

கணக்குப் புரிவதற்காக ஒரு கற்பனை விலை வைத்துக்கொள்வோம். குறிப்பிட்ட தரத்தில் 90 சென்ட் பிரிவில் காரட் விலை 2,00,000 ரூபாய், ஒரு காரட் பிரிவில் 2,40,000 ரூபாய். 95 சென்ட் கல் 1,90,000 ரூபாய் ஆகிறது. ஒரு காரட் கல் 2,40,000. ஐந்து சென்ட்டுக்கு 50,000 ரூபாய். நன்றாக வெட்டிய வட்டக் கல் ஒரு காரட்டுக்கு ஏறக்குறைய 6.5 மி.மீ. விட்டம் இருக்கும், 95 சென்ட்டுக்கு 6.4 மி.மீ. அந்த 0.1 மி.மீ. வித்தியாசத்தை யாரும் பார்த்துச் சொல்ல முடியாது. கோட்டுக்குக் கொஞ்சம் கீழே உள்ள கல்லைக் கேட்டு வாங்குங்கள். 48 சென்ட், 95 சென்ட் கற்கள் எல்லாக் கடையிலும் இருக்காது. சொல்லி வைத்தால் வரவழைத்துக் கொடுப்பார்கள்.

இதே விதி சிறு கற்களில் உங்களுக்குச் சாதகமாக வேலை செய்யும். ஏழு கல் தோட்டில் இரண்டு காதுக்கும் சேர்த்துப் 14 கற்கள். ஒவ்வொன்றும் ஐந்து சென்ட் என்றால் மொத்தம் 70 சென்ட். ஒற்றைக் கல் தோட்டில் 35 சென்ட் கற்கள் இரண்டு போட்டாலும் அதே 70 சென்ட்தான். தரம் ஒன்றாகவே இருந்தாலும் ஒற்றைக் கல் தோட்டின் கல் விலைதான் கூடும். ஆகவே ‘மொத்தம் 70 சென்ட் வைரம்’ என்று சீட்டில் பார்த்ததும் இரண்டு கடை விலையை ஒப்பிட்டுவிடாதீர்கள். எத்தனை கல், ஒவ்வொன்றும் எத்தனை சென்ட் என்று கேளுங்கள். சிறு கற்களைச் சல்லடையில் சலித்துத்தான் அளவு பிரிக்கிறார்கள். ஒவ்வொரு சல்லடைக்கும் தனி விலை உண்டு.

ஏழு கல் தோட்டில் இன்னொரு செலவும் இருக்கிறது. 14 கற்களும் அளவில், நிறத்தில், பளபளப்பில் ஒத்துப்போக வேண்டும். அப்படி இணை சேர்த்து எடுக்கும் உழைப்புக்குக் கொஞ்சம் கூடுதல் கேட்டால் அது நியாயமான கூலி. நல்ல ஜி நிறத்தில் 14-ம் ஒரே மாதிரி இருக்கும் தோடு, ஈ-யும் எச்-சும் கலந்து கிடக்கும் தோட்டைவிடப் பல மடங்கு அழகு.

நிறம்

வைரத்தில் மஞ்சள் சாயல் வருவதற்கு முக்கியக் காரணம் நைட்ரஜன். சாயலே இல்லாத டி-யில் தொடங்கி இசட் வரை எழுத்துகள் போகின்றன. ஆய்வகத்தில் கல்லைக் கவிழ்த்து வைத்து, கட்டுப்படுத்திய வெளிச்சத்தில், நிறம் உறுதி செய்யப்பட்ட மாதிரிக் கற்களின் பக்கத்தில் வைத்துப் பக்கவாட்டில் பார்த்துத்தான் எழுத்து கொடுக்கிறார்கள். கவிழ்த்து வைப்பது எதற்கு என்றால், நிமிர்ந்திருக்கும் கல் தன் ஒளியாலேயே சாயலை மறைத்துவிடும். நகையில் கல் எப்போதும் நிமிர்ந்துதான் இருக்கிறது.

நம் ஊர்த் தோடும் மூக்குத்தியும் பெரும்பாலும் மஞ்சள் தங்கத்தில்தான் கட்டப்படுகின்றன. பழைய பாணியில் கல்லுக்குப் பின்னால் தங்கத் தகடு வைத்து மூடிவிடுவார்கள். தங்கத்தின் மஞ்சள் கல்லுக்குள் எதிரொளிக்கும். அப்படிக் கட்டப்போகும் ஐந்து சென்ட் கல்லுக்கு ஈ நிறம் கேட்டுக் காசு கொடுப்பது வீண். ஜி, எச் போதும். ஐ நிறத்தையும் பார்க்கலாம். வெள்ளைத் தங்கத்திலோ பிளாட்டினத்திலோ நான்கு கொக்கியில் நிற்கும் அரை காரட் மோதிரக் கல் என்றால் கதை வேறு. பக்கவாட்டிலும் வெளிச்சம் புகும், பின்னணியும் வெண்மை. அங்கே எஃப் அல்லது ஜி எடுப்பது சரி.

கடையில் பார்க்கும்போது முடிந்தவரை உதிரிக் கல்லாகவே பாருங்கள். ஒரு வெள்ளை அட்டையை நடுவில் மடித்து, அந்த மடிப்பில் கல்லைக் கவிழ்த்து வைத்து, ஜன்னல் பக்கம் வரும் பகல் வெளிச்சத்தில் பக்கவாட்டில் பாருங்கள். வெயில் நேரடியாகப் படக் கூடாது. மேசைக்கு மேலே தொங்கும் விளக்கின் அடியில் எந்தக் கல்லும் வெள்ளையாகத்தான் தெரியும். இரண்டு கற்களை அருகருகே வைத்தால் ஓரிரு எழுத்து வித்தியாசம் பழகாத கண்ணுக்கும் பிடிபடும். தனியாக ஒரு கல்லைப் பார்த்து எழுத்துச் சொல்வது பழகியவருக்கே கடினம்.

இங்கே ப்ளூ ஜாகர் பற்றிச் சொல்ல வேண்டும். நம் பாட்டிமார்கள் ஆசைப்பட்டுக் கேட்டு வாங்கிய கல் அது. தென்னாப்பிரிக்காவின் ஜாகர்ஸ்ஃபான்டைன் சுரங்கத்துக் கற்களின் புகழ் அந்தப் பெயரில் ஒட்டிக்கொண்டது. வெயிலில் பிடித்தால் மெல்லிய நீலம் ஓடும். புற ஊதா ஒளி பட்டால் நீலமாக ஒளிரும் குணம் பல வைரங்களுக்கு உண்டு. சான்றிதழில் ‘ஃப்ளோரசன்ஸ்’ என்ற வரியில் அது வரும். ஜிஐஏ கணக்குப்படி நூற்றில் 25 முதல் 35 கற்களில் ஏதோ ஓர் அளவில் இருக்கிறது. இன்றைய சந்தையில் டி, ஈ, எஃப் நிறக் கற்களில் இந்த ஒளிர்வு பலமாக இருந்தால் விலையைக் குறைத்துவிடுகிறார்கள். பாட்டி கூடுதல் கொடுத்து வாங்கிய குணத்துக்கு இன்று கழிவு கிடைக்கிறது!

அந்தக் கழிவுக்குப் போதிய காரணம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. 1997-இல் ஜிஐஏ வெளியிட்ட ஆய்வில், சாதாரணமாக நகை பார்க்கிறவர்களுக்கு ஒளிர்வு உள்ள கல்லும் இல்லாத கல்லும் பிரித்தறிய முடியவில்லை. மஞ்சள் சாயல் உள்ள கல்லில் நீல ஒளிர்வு அந்தச் சாயலைச் சற்றுத் தணிக்கவும் செய்யும். மிகப் பலமான ஒளிர்வு உள்ள கற்களில் ஒரு சில மட்டும் வெயிலில் பால் கலங்கியதுபோல் மங்கிவிடும். ஆகவே ஒளிர்வு உள்ள கல்லைக் கடை வாசலுக்கு எடுத்துப் போய் வெயிலில் பாருங்கள். மங்கவில்லை என்றால் அந்தக் கழிவு உங்களுக்கு லாபம்.

தெளிவு

கடையில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது.

“கரும்புள்ளி இருக்கக் கூடாதுங்க. தோஷம் ஆகாது.”

“அப்போ விவிஎஸ் எடுத்துக்குங்கம்மா. கவலையே வேண்டாம்.”

விற்கிறவர் சொல்வது பொய்யல்ல. ஆனால் தேவைக்கு அதிகமாக விற்கிறார். தெளிவுத் தரம் என்பது பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் உள்மாசு எவ்வளவு பெரியது, எத்தனை, எங்கே இருக்கிறது, எவ்வளவு தூக்கலாகத் தெரிகிறது என்பதை எல்லாம் சேர்த்துச் சொல்லும் ஒற்றை மதிப்பீடு. எஃப்எல், ஐஎஃப், விவிஎஸ்1, விவிஎஸ்2, விஎஸ்1, விஎஸ்2, எஸ்ஐ1, எஸ்ஐ2, பிறகு ஐ1 முதல் ஐ3 வரை. ஒரே எஸ்ஐ1 தரத்தில் ஒரு கல்லில் நட்ட நடு மேசைப் பட்டைக்கு அடியில் கறுப்புத் துகள் உட்கார்ந்திருக்கலாம். இன்னொரு கல்லில் ஓரத்தில் வெண்மையான சிறு கீறல் மட்டும் இருக்கலாம். எழுத்து ஒன்று, விலை ஏறக்குறைய ஒன்று. கரும்புள்ளி ஆகாது என்கிற வீட்டுக்கு முதல் கல் வேண்டாம், இரண்டாவது தாராளமாக ஆகும். விவிஎஸ் வரை ஏற வேண்டியதில்லை.

எனவே எழுத்தைக் கேட்காமல் மாசைக் கேளுங்கள். “விஎஸ் அல்லது எஸ்ஐ1 போதும், ஆனால் கறுப்பு இல்லாத கல்லாக எடுத்துக் காட்டுங்கள்” என்று சொல்லுங்கள். பெரிய கல்லுக்கு விரிவான சான்றிதழ் என்றால் மாசுகளின் வரைபடம் இருக்கும். எந்த வகை மாசு, எந்த இடத்தில் என்று அதில் பார்க்கலாம். லென்ஸை வாங்கிப் பார்க்கவும் கூச்சப்பட வேண்டாம். லென்ஸைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்து, கல்லை இடுக்கியில் எடுத்து அதன் பக்கத்தில் கொண்டு வர வேண்டும். லென்ஸைக் கல்லின் மேல் வைத்துத் தூரத்திலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது.

ஐந்து சென்ட், பத்து சென்ட் கற்களில் விவிஎஸ்-க்கும் விஎஸ்-க்கும் உள்ள வித்தியாசம் கண்ணுக்குத் தெரியவே தெரியாது. ஒரு காரட்டுக்கு மேற்பட்ட கல்லில் எஸ்ஐ2 சில சமயம் வெறும் கண்ணுக்கே தெரியும். ஐ தரத்தில் விரிசல் பட்டையை எட்டியிருந்தால் கல்லின் வலிமையே குறையும்; மோதிரத்துக்கு அது ஆகாது. விரிசலில் கண்ணாடி நிரப்பியோ, லேசரால் துளைத்துக் கறுப்பை வெளுத்தோ விற்கும் கற்களும் உண்டு. “ஏதாவது சிகிச்சை செய்த கல்லா?” என்று கேட்டு, பதிலைப் பில்லில் எழுதி வாங்குங்கள்.

வெட்டு

வட்ட வடிவ பிரில்லியன்ட் வெட்டில் 57 அல்லது 58 பட்டைகள். 1919-இல் மார்செல் டோல்கோவ்ஸ்கி கணக்கிட்டுக் காட்டிய கோணங்களை ஒட்டித்தான் இன்றைய நல்ல வெட்டும் அமைகிறது. மேல் முகப்பின் கோணம் 34, 35 பாகை. அடிப்பகுதியின் கோணம் 41 பாகைக்குச் சற்று முன்பின். மேலே விழுந்த ஒளி அடிப்பட்டைகளில் மோதித் திரும்பி மேலேயே வர வேண்டும். அடி ஆழம் குறைந்தால் நடுவில் மீன் கண் மாதிரி வெளிறிய வளையம் தெரியும். அதிகமானால் நடுப்பகுதி இருண்டுபோகும். டி நிறம், ஐஎஃப் தெளிவு என்று எழுதியிருந்தாலும் வெட்டு தவறிய கல் செத்துப்போய்த்தான் கிடக்கும்.

வெட்டு ஏன் தவறுகிறது? உலகத்து வைரங்களில் பெரும்பங்கு சூரத்தில் பட்டை தீட்டப்படுகிறது. அங்கே உள்ள தொழிலாளிக்குச் சரியான கோணம் தெரியாமல் இல்லை. விலை எடைக்குத்தான் என்பதால், கோணத்தைச் சரி செய்யப் போய் 1.00 காரட் 0.94 ஆகிவிட்டால் முதலாளிக்கு நஷ்டம். அதனால் கல்லின் இடைவிளிம்பைத் தடிமனாக விட்டு, அடியை ஆழமாக்கி எடையைக் காப்பாற்றுவார்கள். அந்த எடை கல்லின் வயிற்றில் ஒளிந்திருக்கும், மேலிருந்து பார்க்கிறவருக்குத் தெரியாது. 6.1 மி.மீ. மட்டுமே விட்டமுள்ள ஒரு காரட் கல்லும் சந்தையில் உண்டு. நன்றாக வெட்டிய 90 சென்ட் கல் 6.2 மி.மீ. இருக்கும். சிறிய கல் பெரிதாகத் தெரியும், அதிகம் மின்னும், விலையும் குறைவு. சான்றிதழில் மி.மீ. அளவைப் பார்க்காமல் கல்லைத் தேர்வு செய்யாதீர்கள்.

வட்ட பிரில்லியன்ட் கற்களுக்கு ஜிஐஏ 2006 முதல் வெட்டுக்கும் தரம் எழுதுகிறது. எக்ஸலன்ட், வெரி குட் என்ற இரண்டோடு நின்றுகொள்ளுங்கள். சிறு கற்களுக்கு அந்த எழுத்து கிடைக்காது என்பதால் கண்ணைத்தான் நம்ப வேண்டும். தோட்டைக் கடை விளக்கிலிருந்து விலக்கி, மேசைக்கு அடியில் நிழலில் பிடித்து மெல்ல அசைத்துப் பாருங்கள். அந்த மங்கலிலும் ஏழு கல்லும் உயிரோடு இருந்தால் வெட்டு நன்றாக இருக்கிறது. ஏதாவது ஒன்று அணைந்துபோனால் அந்தக் கல்லை மாற்றித் தரச் சொல்லுங்கள்.

சான்றிதழ்

தங்கத்துக்கான ஹால்மார்க் முத்திரையும் ஆறு இலக்க எச்யூஐடி எண்ணும் தங்கத்தின் தூய்மைக்கு மட்டுமே சாட்சி. கல்லைப் பற்றி அவை எதுவும் சொல்லாது. கல்லுக்குத் தனிச் சான்றிதழ் வேண்டும், அதையும் கடைக்குச் சம்பந்தமில்லாத ஆய்வகம் கொடுத்திருக்க வேண்டும்.

ஒரே எழுத்து என்பதால் எல்லா ஆய்வகத்துச் சான்றிதழும் சமம் ஆகிவிடாது. கண்டிப்பான ஆய்வகம் எச் என்று எழுதும் கல்லைத் தளர்வான ஆய்வகம் எஃப் என்று எழுதக்கூடும். மொத்த வியாபாரத்தில் இது எல்லோருக்கும் தெரியும், அதற்கேற்பத்தான் விலை வைக்கிறார்கள். தெரியாமல் போவது கடைசியில் வாங்குகிறவருக்குத்தான். ஒரே எழுத்தில் ஒரு கல் ஆச்சரியமான மலிவில் கிடைத்தால் சான்றிதழ் கொடுத்தது யார் என்று முதலில் பாருங்கள். ஜிஐஏ உதிரிக் கல்லுக்கு மட்டுமே தரம் எழுதும். நகையில் பதித்த கல்லுக்கு எழுதாது. நகைக்கு மொத்தமாகக் கொடுக்கும் சான்றிதழ்களில் ‘ஜிஎச், விஎஸ்–எஸ்ஐ’ என்று வரம்பாகத்தான் வரும். அதில் பெரும்பாலான கற்கள் கீழ் எல்லையில் இருக்கும் என்று வைத்துக்கொண்டு விலை பேசுவது பாதுகாப்பு.

பெரிய கல்லின் இடைவிளிம்பில் சான்றிதழ் எண்ணை லேசரால் பொறித்திருப்பார்கள். லென்ஸில் அதைப் படித்து, ஆய்வகத்தின் இணையதளத்தில் எண்ணைப் போட்டு, எடையும் மி.மீ. அளவும் ஒத்துப்போகிறதா என்று கடையிலேயே பாருங்கள்.

ஆய்வகத்தில் வளர்த்த வைரம் பற்றி ஒரு பத்தி போதும். அதுவும் வைரமே, வெறும் கண்ணால் பிரித்தறிய முடியாது. ஆனால் விலை இயற்கைக் கல்லைவிட மிகக் குறைவு, வருஷத்துக்கு வருஷம் இறங்கியும் வந்திருக்கிறது. அரிது என்பதற்காகக் கொடுக்கும் விலைதான் டி-யும் ஐஎஃப்-பும். தொழிற்சாலையில் செய்யும் கல்லில் அந்த எழுத்துகளுக்குப் பொருள் குறைவு. ஜிஐஏ-வே 2025-இல் அவற்றுக்கு அந்த எழுத்துகளைக் கைவிட்டு ‘பிரீமியம்’, ‘ஸ்டாண்டர்ட்’ என்ற இரண்டு பிரிவுக்கு மாறிவிட்டது. அழகுக்காக வாங்கலாம். திருப்பிக் கொடுத்தால் காசு வரும் என்று எண்ணி வாங்க வேண்டாம்.

பில்

பில்லில் கல்லின் எண்ணிக்கை, மொத்த சென்ட், நிறம், தெளிவு, இயற்கைக் கல்தான் என்ற வார்த்தை, காரட் விலை, செய்கூலி எல்லாம் தனித்தனியாக வர வேண்டும். தங்கத்தின் எடையை ஒரு நிமிஷம் நீங்களே கணக்குப் போடுங்கள். தோடு மொத்தம் 6.500 கிராம், வைரம் 70 சென்ட் என்றால் கல்லின் எடை 0.140 கிராம். தங்கத்துக்கான விலை 6.360 கிராமுக்குத்தான் போட வேண்டும். 6.500-க்குப் போட்டிருந்தால், வைரத்துக்கு ஒருமுறை காசு வாங்கிவிட்டு அதே வைரத்தைத் தங்கமாகவும் விற்றிருக்கிறார்கள். நகையாக வாங்கினால் ஜிஎஸ்டி 3%. உதிரிக் கல்லாக வாங்கினால் 2022 ஜூலை முதல் 1.5%.

திருப்பிக் கொடுக்கும்போது கல்லுக்கு எவ்வளவு தருவார்கள், வாங்கிய விலையிலா அன்றைய விலையிலா, காசாகவா மாற்று நகையாகவா என்பதையும் பில்லிலேயே எழுதி வாங்குங்கள். கடைக்குக் கடை இது மாறும். விவிஎஸ் வாங்கினால் திரும்ப விற்கும்போது நல்ல விலை வரும் என்று சொல்லி மேலே ஏற்றுவார்கள். அந்த வாக்குறுதி எழுத்தில் இல்லாவிட்டால் அதற்காகக் கூடுதல் கொடுக்காதீர்கள்.

வீட்டில் பழைய மூடிய அடித் தோடு இருந்து, அதைப் புது நகைக்கு மாற்ற நினைத்தால், கட்டிய நிலையிலேயே கடையில் கொடுத்து விலை கேட்காதீர்கள். நிறமும் எடையும் உள்ளே மறைந்திருப்பதால் குறைத்துத்தான் மதிப்பிடுவார்கள். நம்பிக்கையான பத்தரிடம் கொடுத்துக் கல்லைக் கழற்றச் சொல்லுங்கள். கழற்றும்போது கூடவே உட்கார்ந்திருங்கள். பழைய தகட்டை நெம்பும்போது விளிம்பு உடையலாம், எனவே அவசரப்படுத்தாதீர்கள். கழற்றியதும் கற்களை எண்ணி, எடை போட்டு, பொட்டலத்தின் மேல் எழுதிக்கொள்ளுங்கள். நடுக்கல் பெரிதாக இருந்தால் அதை மட்டும் ஆய்வகத்துக்கு அனுப்பித் தரம் எழுதி வாங்கிய பிறகு கடைக்குப் போங்கள்.